பைக்குள் அடங்கும் உடம்பு

மகனே,

நேற்று நீ கொள்ளேகால் அத்தை வீட்டிலிருந்து போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, பையில ஒண்ணுக்குத்தான் எடம் இருக்கு. படமா, பொம்மையா, அட்டையா? எத எடுத்துக்கட்டும்?" என்றாய். "யோசிச்சு சொல்றேண்டா" என்று போனை வைத்துவிட்டேன். அக்குபஞ்சர் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போகிறவன், உடம்பில் ஓடும் பதினான்கு பாதைகளையும் அவற்றின் மேலிருக்கும் முந்நூற்று அறுபத்தொரு புள்ளிகளையும் மனதில் ஏற்றிக்கொள்ளக் கையோடு எதைக் கொண்டுபோகலாம் என்று, அதை ஒரு காலத்தில் படித்த அம்மாவிடம் கேட்கிறாய். சுலபமான கேள்விதான். ஆனால் அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால், ஆறு வருஷமாக நான் சொல்லிவரும் ஒரு பொய்யைத் தொடாமல் முடிக்க முடியாது.

நீ போன் செய்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்து உன் அத்தையும் பேசினாள். நீ கடைக்குப் போயிருந்தாயாம். "அண்ணி, உங்க பையன் சொன்னதக் கேட்டு எனக்கு அழுவாச்சியா வந்துருச்சுங்க" என்றாள். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயாம்: "எங்கம்மா எனக்காகத்தான் அந்தப் படிப்ப விட்டாங்க அத்தை. அவங்க விட்டத நான் முடிச்சுக் குடுக்கறேன்." அத்தை அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று இரண்டு முறை கேட்டாள். போனை வைத்துவிட்டு, கூடத்து அலமாரியில் காலண்டருக்குப் பின்னால் நீ செருகி வைத்திருக்கும் கவரைப் போய்ப் பார்த்தேன். பெங்களூரு செடி நர்சரிக்காரர்கள் உனக்கு வேலை தருவதாக எழுதிய கடிதம். மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் நீ ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நேரில் சொன்னால் நீ "பரவால்ல விடுங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். அதன் வழியாகவே மற்றதும் வந்துவிடும்.

படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நானும் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். மண்டி மொஹல்லாவில் வெல்ல மண்டிக்கு மேல் மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது உனக்கு நினைவிருக்கும். முதல் வாரமே சுவர்ப்படம் ஒன்றை வரவழைத்துவிட்டேன். அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வந்தது. நம் விஜயநகர் வீட்டிலிருந்து வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அந்தக் குழாய் போகிற வருகிறவர்கள் தலையிலெல்லாம் இடித்தது. ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஏனம்மா, துப்பாக்கியா?" என்று கேட்டார். வெட்கப்பட்டு அடுத்த வாரமே படத்தை எட்டாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். மூன்றே மாதத்தில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாகிவிட்டது. ஒரு மடிப்பு சரியாக முழங்காலுக்குக் கீழே ஓடியது. வயிற்றுப் பாதையில் நாற்பத்தைந்து புள்ளிகள். மடிப்பில் இரண்டு அழிந்துபோய், என் படத்து மனிதனுக்கு நாற்பத்துமூன்றுதான் இருந்தன. ஆகவே சுவர்ப்படம் சுவரில்தான் இருக்க வேண்டும். பையில் வேண்டுமென்றால் அதைப் பகுதி பகுதியாக ஜெராக்ஸ் எடுத்துக்கொள். ஜெராக்ஸில் எல்லாப் பாதையும் ஒரே கறுப்பாக வரும். அதைக் குறை என்று நினைக்காதே. கலர் பென்சிலால் ஒவ்வொரு பாதையையும் நீயே திரும்ப ஓட்டும்போது, கை நிற்கிற இடத்தில்தான் உனக்குத் தெரியாதது இருக்கிறது என்று அர்த்தம்.

பொம்மையைப் பற்றி உனக்கே தெரியும். ஒன்றரைச் சாண் உயர ரப்பர் மனிதன், ஒரு பக்கம் தோல், மறுபக்கம் தசை, உடம்பெல்லாம் புள்ளி. அவனை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் படித்த நாளில் எதிர் சீட்டுப் பெண்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அப்பா, "மொதல்ல அதுக்கு ஒரு வேட்டி கட்டி விடு, அப்புறம் ஊர்கோலம் கூட்டிட்டுப் போ" என்றார். நான் நிஜமாகவே ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒரு லுங்கி தைத்தேன். அதன் பிறகு மண்ணீரல் பாதையைப் பார்க்க வேண்டும் என்றால் லுங்கியை அவிழ்க்க வேண்டியிருந்தது. அது முன்னைவிட மோசம். பொம்மை நல்ல துணைதான். தோளிலிருந்து கழுத்துக்கு ஒரு பாதை எப்படி வளைந்து ஏறுகிறது என்பதைத் தட்டையான படம் காட்டாது, பொம்மை காட்டும். ஆனால் அதன் கால்விரல்களைப் பார்த்தாயா? ஐந்தும் ஒட்டி ஒரே உருண்டை. பெருவிரலில் இரண்டு, இரண்டாம் விரலில் ஒன்று, நான்காவதில் ஒன்று, சுண்டுவிரலில் ஒன்று என்று ஐந்து பாதைகள் வந்துபோகும் இடத்தில் ஒரு உருண்டை! எது எங்கே வளைகிறது என்பதற்கு அவனைக் கேள். எது எவ்வளவு தூரம் என்பதற்கு அவனைக் கேட்காதே.

அட்டைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அப்பாவின் ஃபாக்டரி நண்பர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெறும் பக்கத்தில் எழுதினேன். புள்ளிக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு பாதைக்கும் தனியாக ஓட்டை போட்டு நூலில் கோத்து வைத்தேன், வரிசை கலையாமல் இருக்க. அப்போது உனக்குப் பதினாலு வயது. நான் தோசை வார்க்கும்போது நீ சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அட்டையைப் புரட்டிப் புரட்டிக் கேட்பாய்.

"கல்லீரல் மூணு எங்கம்மா?"

நான் கரண்டியாலேயே என் காலைக் காட்டுவேன், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்.

"சமையல்கட்டா ஆஸ்பத்திரியா இது? அந்தக் கரண்டிய கழுவிட்டு வார்க்கறியா இல்லயா?" என்று கூடத்திலிருந்து அப்பா கத்துவார்.

"தனலட்சுமி மோகன்குமார் கல்யாணம் எங்கம்மா?" என்று அடுத்து கேட்பாய். அட்டையின் பின்பக்கத்துப் பெயர்கள் அவை. முன்பக்கம் வயிறு முப்பத்தாறு. இன்றைக்கும் அந்தப் புள்ளியை நினைத்தால் எனக்கு முகம் தெரியாத அந்த மணமக்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஒரு நாள் நீ நூலை எல்லாம் உருவிவிட்டு அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வரிசையா கேட்டா சொல்லிருவீங்க. நடுவுல கேட்டா முழிக்கறீங்களேம்மா" என்றாய். பிறகு நீயே தரையில் உட்கார்ந்து, உன் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அரை மணியில் எல்லாவற்றையும் திரும்பக் கோத்துக் கொடுத்தாய். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தப் படிப்பு உன்னுடையதாகவே இருக்கலாம் என்பதற்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. அதை மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும். அட்டையைப் பற்றி என் முடிவு இது: ஒரு வாரத்துக்கு ஒரு பாதையின் அட்டைகளை மட்டும் எடுத்துப் போ. பதினான்கையும் சுமக்காதே. கோத்து வை, கலைத்தும் பார்.

கேசட்டை நீ கேட்கவில்லை, ஆனால் அதுவும் சின்னது, பையில் இடம் அடைக்காது. என் குரலிலேயே புள்ளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பதிவு செய்தேன். நுரையீரல் பாதையில் நாலாவது புள்ளிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நம் குக்கர் விசில் அடித்தது. பின்னர் எந்த வீட்டில் குக்கர் விசில் கேட்டாலும் எனக்கு முழங்கை மடிப்பு ஞாபகம் வந்தது. காது வரிசையைக் கற்றுக்கொடுக்கும், இடத்தைக் கற்றுக்கொடுக்காது. அவ்வளவுதான்.

இனி உன்னிடம் நான் காட்டவே காட்டாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். படம், பொம்மை, அட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூடப் படிக்க நானே ஒரு கருவி செய்தேன். இந்தப் படிப்பில் தூரத்தை அங்குலத்தால் அளப்பதில்லை. கட்டைவிரல் மூட்டின் அகலம் ஓர் அளவு. அதைச் சுன் என்பார்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து இரண்டு சுன் மேலே, முழங்கால் சில்லுக்குக் கீழே மூன்று சுன் என்றுதான் ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி. ஒவ்வொரு தடவையும் விரலை வைத்து வைத்து எண்ணுவதற்குப் பதிலாக, பாவாடை நாடா ஒன்றில் என் கட்டைவிரலை வைத்து, மசியால் கோடு கோடாகப் பன்னிரண்டு சுன் குறித்துக்கொண்டேன். சுருட்டினால் சுண்டுவிரல் அளவு. தாலிக்கயிற்றை விடப் பத்திரமாக அதை வைத்திருந்தேன். பஸ்ஸில் என் கையை அளப்பேன், உட்கார இடம் கிடைத்தால் புடவைக்கு மேலேயே முழங்காலை அளப்பேன். ஒவ்வொரு முறையும் புள்ளி சரியான பள்ளத்தில் போய் விழும். வகுப்பில் மற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகினார்கள். நான் போகவில்லை. முன்பின் தெரியாத ஆண்களின் கையைத் தொடுவதா என்ற கூச்சம் பாதி. எனக்குத்தான் எல்லாம் வந்துவிட்டதே என்ற கர்வம் பாதி. முப்பத்தெட்டு வயதில் முதல் பெஞ்சில், பென்சில் சீவி வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கும் முன்னே கை தூக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்ணாக நான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் உனக்கு எப்படி எழுதுவேன்!

பக்கத்தில் கௌரம்மா இருந்தார். ரிடையரான நர்ஸ், கன்னடக்காரர், நல்ல உயரம், அகலமான கை. என் நாடாவைப் பார்த்து ஆசைப்பட்டார். அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தேன், என்னுடையதைப் பக்கத்தில் வைத்து அதே அளவில். இரண்டு வாரம் கழித்து தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஏன்ம்மா, உங்க டேப்பு வெச்சா நான் குள்ளம் ஆயிடறேன். புள்ளியோட ஜாகா சரியா வரலே." நான் அவர் கையைப் பார்க்கவே இல்லை. "நீங்க தப்பா அளக்கறீங்க கௌரம்மா. ரேகையிலிருந்து புடிங்க" என்று பாடம் நடத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு மருத்துவமனையில் முப்பது வருஷ அனுபவம். எனக்கு ஒரு நாடா.

அப்புறம் செய்முறைப் பரீட்சை வந்தது. கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேரை வகுப்பு எடுத்த சார் அழைத்து வந்திருந்தார். தோள் வலிக்குப் பார்த்துவிடுவதாகச் சொல்லி, அதுவரை எங்களுக்குக் கையும் காலும் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு வந்தவர் மாதேசன், ராமாபுரத்துக்காரர். கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீண்டது. நான் நாடாவை எடுத்தேன். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் என்று அளந்து பேனாவால் புள்ளி வைத்தேன். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு நிமிர்ந்தேன். சார் வந்து பார்த்தார். நாடாவைக் கையில் வாங்கித் திருப்பினார்.

"யார் பெரலும்மா இது?"

"என்னுதுதான் சார்."

அவர் மாதேசனிடம், "நாலு பெரல் சேர்த்து மொழங்கால் கீழே வைங்க" என்றார். நாலு விரல் சேர்த்தால் மூன்று சுன், அது உனக்கும் தெரியும். மாதேசன் எழுந்து உட்கார்ந்து, தன் நாலு விரலையும் சேர்த்து முழங்கால் சில்லுக்குக் கீழே வைத்தார். அந்த விரல்கள்! தினமும் வெல்ல மூட்டை தூக்கிய விரல்கள். என் பேனாப்புள்ளி வெளியே தெரிந்திருக்க வேண்டும், அவர் சுண்டுவிரலின் ஓரத்தில். தெரியவில்லை. அது விரல்களுக்கு அடியில் எங்கோ போய்விட்டது.

"ஏனுங்க்கா, உங்க புள்ளியக் காணோமுங்களே!" என்றார் மாதேசன். நல்ல மனசோடுதான் சொன்னார். கூடமே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் கௌரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்த நாடாவை மெதுவாகச் சுருட்டி, யாரும் பார்க்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டார், அது நான் கொடுத்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. அந்தச் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

அளவு என்பது படுத்திருப்பவரின் விரல்தான். அளப்பவரின் விரல் அல்ல. குழந்தைக்குக் குழந்தையின் விரல், மாதேசனுக்கு மாதேசனின் விரல். என் உடம்பில் மட்டுமே பழகியதால் எனக்கு ஒருநாளும் தப்பவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது நோட்டைப் புரட்டினேன். சார் சொல்லவே இல்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்று ஆசை. மூன்றாவது வாரத்துப் பக்கத்தில் என் கையெழுத்தில், "நோயாளியின் விரலே அளவு" என்று இருந்தது. கீழே சிவப்பு மசியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். தெரியாமல் செய்திருந்தால் மனம் ஆறியிருக்கும். தெரிந்து, எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டுச் செய்திருக்கிறேன்.

சார் என்னைத் திட்டவில்லை என்பதையும் எழுத வேண்டும். "இது நெறைய பேர் பண்ற தப்பு. அடுத்த ஞாயிறு வாங்க, வேற ஒருத்தர் கையில பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான், மகனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் முடிந்திருக்கும். நான் போகவில்லை. அப்பா, "பரீட்ச என்னாச்சு?" என்று கேட்டபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அத விட்டுட்டேங்க. பையனுக்கு எஸ்எஸ்எல்சி வருஷம். வீட்ல ஒருத்தராவது கூட இருக்க வேண்டாமா?" நீ உள் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பேனா ஓடும் சத்தம் நின்றது. எனக்கு அது கேட்டது. கேட்டும் நான் உள்ளே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லச் சொல்ல அந்தப் பொய் எவ்வளவு அழகாகிவிட்டது தெரியுமா? உன் அத்தை பாராட்டினாள், எதிர் வீட்டு மாமி பாராட்டினாள். பிள்ளைக்காகப் படிப்பை விட்டவள் என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நீ முதல் வகுப்பில் தேறியபோது மைசூர்பாக் கொடுத்துக்கொண்டே மறுபடியும் சொன்னேன். அந்த வருஷம் முழுக்க நீ விடியற்காலை நாலரைக்கே எழுந்து படித்தாய். நான் எழுப்பவில்லை. உனக்கு அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். நீ எனக்கு ஏதோ திருப்பித் தர வேண்டும் என்று எழுந்திருக்கிறாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பதினைந்து வயதுப் பையன் தோளில் என் வெட்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்தேன். தெளிவாக எழுதிவிடுகிறேன், இதை நீ எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்: நான் படிப்பை விட்டதற்கு நீ காரணம் இல்லை. ஒரு நாளும் இல்லை. நீ இல்லாவிட்டாலும் அன்று விட்டிருப்பேன்.

ஆகவே நீ எனக்காக முடிக்க வேண்டியது எதுவும் இல்லை. உனக்கு எது வேண்டும் என்பதை மட்டும் பார். கட்டிலுக்கு அடியில் பழைய பேப்பருக்கு நடுவில் நீ அழுத்தி வைத்திருக்கும் இலைகளைப் பெருக்கும்போதெல்லாம் நான் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஊர், மரம், பறித்த நாள். பி.எஸ்ஸி. முடிந்து மூன்று மாதமாகியும் நீ அதை நிறுத்தவில்லை. பரீட்சைக்காகச் செய்கிறவன் பரீட்சை முடிந்ததும் நிறுத்தியிருப்பான். அதே கைதான் என் அட்டைகளையும் அரை மணியில் கோத்தது. இரண்டில் எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசினால் மறுபடியும் என் கட்டைவிரலை வைத்து உன்னை அளக்கிறேன் என்று அர்த்தம். நர்சரிக்காரர்களின் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து இதே கவரில் வைத்திருக்கிறேன். அத்தை வீட்டு மாடியில் உட்கார்ந்து இரண்டையும் படித்துப் பார். பெங்களூருக்குப் போகிறேன் என்றால், "அம்மா வருத்தப்படுவாங்களோ" என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே. கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்றால், அது உன் ஆசையாக இருக்கட்டும். அப்படிப் போனால் ஒரு பாதையின் அட்டைகளும் கழுவினால் போகும் பேனா ஒன்றும் போதும். மற்றதெல்லாம் அங்கே உன் பக்கத்து பெஞ்சில் இருக்கும். குண்டாக, ஒல்லியாக, குட்டையாக, நெட்டையாக. முதல் நாளே கூச்சப்படாமல் யாரிடமாவது, "கையைக் கொஞ்சம் குடுங்க" என்று கேள். யாராவது, "சரியா வரலையே" என்று சொன்னால், அவர்களுக்குப் பாடம் நடத்தாமல் அவர்கள் கையைப் பார்.

இன்று காலை பஸ் ஏறி மண்டி மொஹல்லாவுக்குப் போய்வந்தேன். அத்தையின் போனுக்குப் பிறகு இரவெல்லாம் யோசித்தேன், உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு நான் இப்படியே உட்கார்ந்திருந்தால் நீ நம்ப மாட்டாய் என்று தோன்றியது. சாருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. மாடி அதேதான், வெல்ல வாசனையும் அதேதான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "அடுத்த ஞாயிறுன்னு சொல்லி ஆறு வருஷம் ஆச்சேம்மா" என்று சிரித்தார். விட்ட இடத்திலிருந்து சேர முடியாது, ஆறு மாத வகுப்பையும் முதலிலிருந்து உட்கார வேண்டும் என்றார். சரி என்றேன். என்னோடு சேர்கிறவர்கள் எல்லாம் உன் வயசுப் பிள்ளைகளாம். அதற்கும் சரி என்றேன். கௌரம்மா இப்போது கோயில் பக்கத்தில் இலவச முகாமில் வைத்தியம் பார்க்கிறாராம். அவரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதையும் இந்த மாதமே செய்துவிடுவேன்.

அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், நாடா உட்பட. பேப்பரை மடித்து வைத்தார். "இந்த வயசுல பரீட்சையா?" என்றார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழம டிபனு?" என்றார். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும், கல் அடுப்பில் இருக்கும் என்றேன். "நானே வார்த்துக்கறதா!" என்று கொஞ்சம் மலைத்துப்போனார். ஆனால் மாலையில், யாரும் கேட்காமலேயே, முதல் முறையாகத் தன் கையை என் முன்னால் நீட்டி, "இந்தா, இதுல பாரு, அந்த ரெண்டு வெரக்கட எங்க வருதுன்னு" என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கட்டைவிரல் இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

நீ சனிக்கிழமை வந்துவிடுவாய். உன் துணிகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். புளியோதரை கட்டித் தருகிறேன், ஊறுகாய் பாட்டிலின் மூடியை மெழுகு வைத்து அடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீ பஸ் ஏறுவதாக இருந்தால் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், ஜன்னலோர இடம் பிடித்துத் தருவார். ஏறாமல் வீட்டிலேயே இருந்தால் இருவருமாகத் தோசை வார்த்துச் சாப்பிடுங்கள். நான் வழியனுப்ப வர முடியாது, கோபித்துக்கொள்ளாதே. பத்து மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது.

அம்மா